உலகைச் சுற்றும் பிசினஸ் வகுப்பு டிக்கெட்: 16 துண்டுகளைப் பிழையில்லாமல் அடுக்கும் முறை

ஒரே டிக்கெட்டில் உலகைச் சுற்றிவரும் திட்டத்துக்கு மூன்று வாரம் உட்கார்ந்தேன். அதில் இரண்டு வாரம் வீண். அவை எங்கே போயின என்பதைத்தான் இங்கே விரிவாக எழுதப்போகிறேன். பாஸ்போர்ட், விசா, காப்பீடு பற்றிச் சொல்ல வேறு பலர் இருக்கிறார்கள்.

முதலில் எந்த விமான நிறுவனக் கூட்டணி என்று முடிவு செய்யுங்கள். ஸ்டார் அலையன்ஸின் உலகச் சுற்று டிக்கெட் மைல் கணக்கில் ஓடும்: 29,000, 34,000, 39,000 என்று படிகள். ஒன்வேர்ல்டின் எக்ஸ்புளோரர் டிக்கெட்டோ கண்டக் கணக்கு: தொடும் கண்டங்கள் மூன்று முதல் ஆறு வரை இருக்கலாம், விலை அந்த எண்ணிக்கையைப் பொறுத்தது. பிசினஸ் வகுப்புக்குக் கண்டக் கணக்குதான் சரி என்பது என் கட்சி. இருக்கையைப் படுக்கையாக்கிப் பதினான்கு மணி நேரம் தூங்குவதற்காகத்தானே இவ்வளவு பணம் கொடுக்கிறோம்? அப்போது நீண்ட விமானத்துக்கு அபராதம்போல மைல் கழியக் கூடாது. எனவே இனி வருவதெல்லாம் எக்ஸ்புளோரர் பற்றி.

ஒரு வெள்ளைத்தாளை எடுத்துக்கொள்ளுங்கள். ஊர்ப் பெயர் எதையும் எழுத வேண்டாம்; கடல்களை மட்டும் எழுதுங்கள். அட்லாண்டிக் ஒரு முறை, பசிபிக் ஒரு முறை. மேற்கே கிளம்பினால் மேற்கே, கிழக்கே கிளம்பினால் கிழக்கே. ஒரு கண்டத்துக்குள் முன்னும் பின்னும் போகலாம். உலகின் பெரும் பகுதிகளுக்கு இடையே திரும்பி வர முடியாது. தொடங்கிய நாட்டிலேயே முடிய வேண்டும், ஆனால் அதே ஊராக இருக்கத் தேவையில்லை. ஓராண்டுக்குள் முடித்துவிட வேண்டும். தொடங்கும் நாட்டைப் பொறுத்து இதே பாதையின் விலை பெரிதும் மாறும் என்பதால், இரண்டு மூன்று நாடுகளை வைத்து விலை பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

கண்டம் என்றால் பள்ளிக்கூட வரைபடம் நினைவுக்கு வரும். அதை மறந்துவிடுங்கள். இந்த டிக்கெட்டில் ஐரோப்பாவும் மத்திய கிழக்கும் சேர்ந்து ஒரே கண்டம். எகிப்தும் மொராக்கோவும் அதற்குள்தான். விமானம் மாறுவதற்காக மட்டும் இறங்கினாலும் கண்டம் எண்ணப்படும். ஆசியாவிலிருந்து தோஹா வழியாக ஜோகன்னஸ்பர்க் போகிறவர், தோஹாவில் ஒரு தேநீர்கூடக் குடிக்காவிட்டாலும் மூன்று கண்டங்களைத் தொட்டவராகிறார்.

என் எலும்புக்கூடு இப்படி இருந்தது: டோக்கியோ, ஹாங்காங், லண்டன், நியூயார்க், லாஸ் ஏஞ்சலஸ், சிட்னி, மீண்டும் டோக்கியோ. நான்கு கண்டங்கள். அழகாகவே இருந்தது. சதையை ஏற்றும்போதுதான் சறுக்கினேன்.

டிக்கெட்டில் 16 துண்டுகள்தான் அனுமதி. ஒரு விமானம் ஒரு துண்டு. கண்டத்துக்குள் நான்கு துண்டுகள், வட அமெரிக்காவில் மட்டும் ஆறு. லண்டனிலிருந்து ஹெல்சிங்கி, அங்கிருந்து பார்சிலோனா, பிறகு மாட்ரிட்டில் நியூயார்க் விமானம் என்று அடுக்கி, மொத்தம் 16 விமானங்களைக் கச்சிதமாகப் பொருத்திவிட்டேன். பார்சிலோனாவிலிருந்து மாட்ரிட்டுக்கு ரயில். ரயில் என் செலவு, என் டிக்கெட், விமான நிறுவனத்துக்கு அதில் என்ன வேலை என்று நினைத்தேன். முன்பதிவுப் பக்கம் திட்டத்தை ஏற்கவில்லை. காரணமும் சொல்லவில்லை, பாதை செல்லாது என்ற ஒற்றை வரிதான். தேதியை மாற்றினேன், விமானத்தை மாற்றினேன், கண்டத்தையே மாற்றினேன். இரண்டு வாரம் போனது.

விடை எளிது: ஓர் ஊரில் இறங்கி வேறோர் ஊரில் ஏறினால், நடுவில் உள்ள தரைவழிப் பயணமும் ஒரு துண்டு. ரயிலில் போங்கள், நடந்தே போங்கள், கணக்கில் ஏறும். என்னுடையது 17 துண்டு. இப்போது நான் தாளில் விமானங்களை வரிசையாக எழுதி, ஒரு வரியின் இறங்கும் ஊரும் அடுத்த வரியின் ஏறும் ஊரும் ஒன்றாக இல்லாத இடத்தில் சிவப்பு மையில் ஒரு வரி சேர்க்கிறேன். பிறகுதான் எண்ணுவேன்.

17 எப்படி 16 ஆனது? ஹெல்சிங்கியை வெட்டி, அதற்குத் தனியாக ஒரு மலிவு டிக்கெட் எடுத்தேன். வருத்தமில்லை. ஐரோப்பாவுக்குள் பறக்கும் குறுந்தூர பிசினஸ் வகுப்பு பெரும்பாலும் அதே சாதாரண இருக்கைதான். பக்கத்து இருக்கையைக் காலியாக விட்டு, சாப்பாட்டைக் கொஞ்சம் நன்றாகத் தருவார்கள். அதற்கு ஒரு துண்டைச் செலவழிப்பது எனக்கு ஒப்பவில்லை.

அடுத்து இருக்கை தேடல். விமானத்தில் பிசினஸ் இருக்கை காலியாக இருப்பதும் உங்களுக்குக் கிடைப்பதும் வேறு வேறு. ஒரே வகுப்பு இருக்கைகளையும் விமான நிறுவனங்கள் கட்டண வகைப்படி பிரித்து, ஒவ்வொரு வகைக்கும் ஓர் ஆங்கில எழுத்து கொடுத்திருக்கும். இந்த டிக்கெட்டுக்குப் பொதுவாக டி என்ற முன்பதிவு எழுத்தில் இடம் வேண்டும். முழுக் கட்டண பிசினஸுக்கான ஜே எழுத்தில் ஒன்பது இருக்கைகள் காட்டும், டியில் பூஜ்யம் இருக்கும். காலி இடங்களை எழுத்துவாரியாகக் காட்டும் எக்ஸ்பர்ட்ஃபிளையர் இணையதளத்துக்கு ஒரு மாதச் சந்தா கட்டுங்கள். இலவச வழிகளில் மல்லுக்கட்டி நேரத்தைத் தொலைக்காதீர்கள். பாதையை வரைந்து பார்க்க கிரேட் சர்க்கிள் மேப்பர் என்ற இணையதளம் போதும். பசிபிக் விமானத்தை முதலில் பிடியுங்கள். லாஸ் ஏஞ்சலஸ்–சிட்னியில் டி கிடைக்கும் நாளைச் சுற்றித்தான் என் மற்ற எல்லாத் தேதிகளும் அமைந்தன.

வாங்கும்போது அடிப்படைக் கட்டணத்தின் மேல் வரிகளும் விமான நிறுவனங்களின் கூடுதல் கட்டணங்களும் ஏறும். பிரிட்டனின் விமானப் பயணி வரி உயர் வகுப்புகளுக்குக் கூடுதல். லண்டனில் 24 மணி நேரத்துக்கு மேல் தங்கிவிட்டு அங்கேயே அட்லாண்டிக் விமானம் ஏறினால் அது நன்றாகவே கடிக்கும். நான் மாட்ரிட்டில் ஏறியதற்கு அதுவும் ஒரு காரணம். இணையத்தில் திட்டம் அடம்பிடித்தால் கூட்டணியின் உறுப்பு நிறுவனம் ஒன்றைத் தொலைபேசியில் அழையுங்கள். விமான எண், தேதி, எழுத்து மூன்றையும் எழுதி வைத்துக்கொண்டு வரிவரியாக வாசியுங்கள்.

பிற்சேர்க்கை: இந்த முறையில் திட்டமிட்ட ஒருவர் ஹாங்காங், பாங்காக், கோலாலம்பூர் மூன்றிலும் சில நாள் தங்க நினைத்து மாட்டிக்கொண்டார். அவரும் டோக்கியோவில்தான் தொடங்கினார். தொடங்கும் கண்டத்தில் தங்கல் இரண்டுதான். 24 மணி நேரத்தைத் தாண்டினால் தங்கல், அதற்குள் கிளம்பினால் வெறும் மாற்றம். அவர் பாங்காக்கை 22 மணி நேரமாகச் சுருக்கினார். ஓர் இரவும் ஒரு காலையும் கிடைத்தன.

இன்னொரு பிற்சேர்க்கை: ஓராண்டு முழுக்கச் சுற்றுபவருக்குக் கடைசி விமானங்கள் இன்னும் விற்பனைக்கே வந்திருக்காது. கிடைக்கும் கடைசித் தேதியைப் போட்டு வாங்கிவிட்டு, பிறகு தள்ளிவையுங்கள். தேதி மாற்றம் சுலபம், அந்த நாளிலும் டி இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஊரை மாற்றினால் டிக்கெட்டைத் திரும்ப எழுதக் கட்டணம் உண்டு. மாற்றாமலும் சொல்லாமலும் ஒரு விமானத்தை மட்டும் தவறவிடாதீர்கள். மிச்சமுள்ள துண்டுகள் அத்தனையும் ரத்தாகிவிடும்.