அக்கவுன்டிங் இன்டர்வியூ: தயாரிப்பில் சறுக்கும் இடங்கள்

அக்கவுன்டிங் வேலைக்கு இன்டர்வியூ என்றதும் பலரும் முதலில் செய்வது, பழைய பாடப்புத்தகத்தைத் தூசி தட்டி எடுப்பது. தேய்மானம் என்றால் என்ன, ஒதுக்கீடு என்றால் என்ன, எதை டெபிட் செய்ய வேண்டும், எதை கிரெடிட் செய்ய வேண்டும் என்று மனப்பாடம் ஆரம்பித்துவிடும். அடிப்படை தெரிந்திருக்கத்தான் வேண்டும், மறுப்பில்லை. ஆனால் கேள்வி கேட்கிறவர் பார்க்க நினைப்பது வேறு. கணக்கில் ஒரு வித்தியாசம் வந்தால் இந்த ஆள் எங்கே தேடுவார், கிடைக்காவிட்டால் யாரிடம் போய்ச் சொல்வார், இல்லை ஏதோ ஒரு தலைப்பில் தள்ளி மூடிவிடுவாரா? சுற்றி வளைத்து எதைக் கேட்டாலும் அவர் தெரிந்துகொள்ள நினைப்பது இதைத்தான்.

"ட்ரயல் பேலன்ஸ் டேலி ஆகிவிட்டால் கணக்கு சரி என்று எடுத்துக்கொள்ளலாமா?" என்ற கேள்வி பல இடங்களில் வரும். எல்லாக் கணக்குகளின் டெபிட், கிரெடிட் மீதிகளையும் தொகுத்த பட்டியல்தான் ட்ரயல் பேலன்ஸ்; இரண்டு பக்க மொத்தமும் ஒன்றாக வந்தால் டேலி. வரையறையை மட்டும் படித்தவர் "ஆமாம்" என்று சொல்லி மாட்டிக்கொள்வார். ஒரு இன்வாய்ஸை அடியோடு பதியாமல் விட்டாலும் டேலி ஆகும். இயந்திரம் வாங்கியதைப் பராமரிப்புச் செலவில் போட்டாலும் ஆகும். ஒரு வாடிக்கையாளர் கட்டிய பணத்தை இன்னொருவர் பெயரில் வரவு வைத்தாலும் ஆகும். இதில் இரண்டு மூன்றை உதாரணத்தோடு சொன்னாலே போதும், எதிரில் இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

அதன் தொடர்ச்சியாக, "180 வித்தியாசம் வருகிறது, எங்கிருந்து தேட ஆரம்பிப்பீர்கள்?" என்று கேட்கலாம். "எல்லா என்ட்ரியையும் ஒன்றுவிடாமல் திரும்பப் பார்ப்பேன்" என்ற பதில் உங்கள் பொறுமையைக் காட்டும், அனுபவத்தைக் காட்டாது. 180 என்பது 9-ஆல் மீதியில்லாமல் வகுபடுகிற எண். அப்படியென்றால் பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறியிருக்க வாய்ப்பு உண்டு: 5,640 என்பதை யாரோ 5,460 என்று அடித்திருக்கலாம். அடுத்து, 180-இல் பாதி 90. அந்தத் தொகை டெபிட்டுக்குப் பதில் கிரெடிட் பக்கம் ஏறியிருக்கிறதா என்று பார்க்கலாம். அப்புறம், 180-க்கே ஒரு பதிவு ஒரு பக்கம் மட்டும் விட்டுப்போயிருக்கிறதா என்று பார்க்கலாம். இன்றைய மென்பொருள்கள் ஒற்றைப் பக்கப் பதிவை ஏற்காதே என்று நீங்கள் நினைத்தால் அது சரிதான். அதையும் சொல்லுங்கள். இப்போது இந்த மாதிரி வித்தியாசங்கள் பெரும்பாலும் வங்கி ஸ்டேட்மென்ட்டுக்கும் நம் புத்தகத்துக்கும் இடையில், அல்லது சப்ளையர் அனுப்பிய ஸ்டேட்மென்ட்டுக்கும் நம் லெட்ஜருக்கும் இடையில்தான் தலைகாட்டும். தேடும் முறை என்னவோ அதேதான்.

தேய்மானம், அதாவது ஒரு சொத்தின் விலையை அதன் ஆயுட்காலத்துக்குப் பிரித்துச் செலவாகப் போடுவது, அது பற்றியும் ஒரு கேள்வி சுற்றிக்கொண்டிருக்கிறது. தேய்மானம் 10 கூடினால் லாப நட்டக் கணக்கு, பணப்புழக்க அறிக்கை, பேலன்ஸ் ஷீட் மூன்றிலும் என்ன மாறும்? "தேய்மானத்தில் பணம் வெளியே போவதில்லை, அதனால் பணத்தில் மாற்றமில்லை" என்று அவசரப்பட்டுச் சொல்வதுதான் இதில் வழக்கமான சறுக்கல். வரி 25 சதவீதம், தேய்மானம் வரிக்கும் செலவாக ஏற்கப்படுகிறது, வரி உடனே கட்டப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். வரிக்கு முந்தைய லாபம் 10 குறையும், வரி 2.5 குறையும், நிகர லாபம் 7.5 குறையும். பணப்புழக்க அறிக்கையில் அந்த 7.5 குறைவோடு தொடங்கி, தேய்மானம் 10-ஐத் திரும்பக் கூட்டினால் பணம் 2.5 கூடியிருக்கும். பேலன்ஸ் ஷீட்டில் நிலையான சொத்து 10 இறங்கும், பணம் 2.5 ஏறும், மறுபக்கம் பங்குதாரர் நிதி 7.5 இறங்கும். இரண்டு பக்கமும் சமம். கணக்கைத் தொடங்கும் முன் இந்த அனுமானங்களை வாய்விட்டுச் சொல்வது முக்கியம். விடை சரியாக வந்தாலும், எதை வைத்துக்கொண்டு போட்டீர்கள் என்று சொல்லாதவரைக் கணக்குத் துறையில் முழுசாக நம்ப மாட்டார்கள்.

பழைய நோட்ஸை நம்பிப் போவதும் ஆபத்து. முதலில், அந்த நிறுவனம் எந்தக் கணக்கியல் தரநிலையைப் பின்பற்றுகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். சரக்கிருப்பை மதிப்பிட லிஃபோ முறையை (கடைசியாக வாங்கிய சரக்கே முதலில் விற்றதாக எடுத்துக்கொள்வது) அமெரிக்கத் தரநிலை அனுமதிக்கிறது, சர்வதேசத் தரநிலையான ஐஎஃப்ஆர்எஸ் அனுமதிப்பதில்லை. பின்னதைப் பின்பற்றும் இடத்தில் போய் லிஃபோவின் நன்மைகளை விளக்கினால் என்ன ஆகும்? குத்தகைக் கணக்கும் இப்படித்தான். ஐஎஃப்ஆர்எஸ் 16 நடைமுறைக்கு வந்த 2019 ஜனவரி 1 முதல், குத்தகைக்கு எடுப்பவர் குறுகிய காலக் குத்தகை, சிறு மதிப்புப் பொருள் போன்ற விலக்குகள் போக மற்றவற்றைப் பேலன்ஸ் ஷீட்டுக்குள் கொண்டுவந்தாக வேண்டும். "ஆபரேட்டிங் லீஸ் என்றால் வாடகையைச் செலவில் போட்டால் முடிந்தது" என்று இன்னும் சொல்பவர், தன் படிப்பு எந்த வருடத்தோடு நின்றது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறார். அடுத்து வருவது ஐஎஃப்ஆர்எஸ் 18. 2027 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ தொடங்கும் ஆண்டுகளுக்கு, லாப நட்ட அறிக்கையின் அமைப்பையே மாற்றுகிற தரநிலை அது. பேர் தெரிந்திருந்தாலே ஒரு படி மேல்.

நிறுவனத்தின் ஆண்டறிக்கை இணையத்தில் கிடைத்தால், தலைவரின் உரையைத் தாண்டிப் போங்கள். கணக்கியல் கொள்கைகள் பற்றிய குறிப்பு, தணிக்கையாளர் அறிக்கை, வாடிக்கையாளர்களிடமிருந்து வர வேண்டிய பாக்கி, இந்த மூன்றும் போதும். விற்பனை கொஞ்சம்தான் கூடியிருக்கிறது, பாக்கி மட்டும் எக்கச்சக்கமாக ஏறியிருக்கிறது என்றால், அதைக் குற்றம் கண்டுபிடித்த தொனியில் சொல்லாமல் கேள்வியாக முன்வையுங்கள்.

எக்செல் தெரியும் என்று எழுதியிருப்பவரை அங்கேயே கணினி முன் உட்கார வைப்பதும் உண்டு. பட்டியலில் ஒரு மதிப்பைத் தேடி எடுக்கும் விலுக்கப் (VLOOKUP) ஃபார்முலாவில், சரியாகப் பொருந்துவதை மட்டும் எடு என்று சொல்லும் ஃபால்ஸைக் கடைசியில் போட மறந்தால், தவறான விடை எந்த எச்சரிக்கையும் இல்லாமல் வந்து உட்கார்ந்துகொள்ளலாம். எண்கள் எழுத்து வடிவில் சேமிக்கப்பட்டிருந்தால், கூட்டல் போடும் சம் (SUM) ஃபார்முலா அவற்றைக் கூட்டாமல் விட்டுவிடும். வேகமாக முடிப்பதைவிட, முடித்த பிறகு மொத்தத்தை மூலத் தரவோடு ஒருமுறை ஒப்பிடுவதுதான் கவனிக்கப்படும்.

எனக்கு மிகப் பெரிய தவறாகப் படுவது வேறு ஒன்று: முந்தைய நிறுவனத்தின் ரகசியங்களை அவிழ்ப்பது. அனுபவத்தை நிரூபிக்கும் ஆர்வத்தில் சிலர் வாடிக்கையாளர் பெயர், லாப விகிதம், யார் யார் எவ்வளவு பாக்கி என்று கொட்டிவிடுகிறார்கள். ஒருவர் மாதிரி வேலை என்று பழைய அலுவலகத்தின் சம்பளப் பட்டியலையே லேப்டாப்பில் திறந்து காட்டியதைப் பார்த்திருக்கிறேன். நாளைக்கு நம் கணக்கையும் வேறு மேசையில் இப்படித்தான் விரிப்பார் என்று அந்த நிமிடமே தோன்றிவிடும். "மாதம் சுமார் இத்தனை இன்வாய்ஸ், இத்தனை சப்ளையர், மாதக் கணக்கை முடிக்கும் க்ளோசிங்கில் என் பங்கு இது" என்று அளவைச் சொல்லுங்கள், ஆட்களைச் சொல்லாதீர்கள்.

"இந்த மாத விற்பனை குறைவாக இருக்கிறது, அடுத்த மாதம் அனுப்பப்போகும் சரக்கின் இன்வாய்ஸை இந்த மாதத்திலேயே போடு என்று மேலாளர் சொன்னால்?" இதற்கு இரண்டு மோசமான பதில்கள் உண்டு. "மேலாளர் சொன்னால் செய்வேன்" என்பது ஒன்று. "அன்றே ராஜினாமா செய்வேன்" என்று வீரம் பேசுவது இன்னொன்று. சரக்கு அனுப்பியதற்கான ஆவணத்தைக் கேட்பது, எந்த மாதத்துக்கு உரியது என்பதை விளக்குவது, அப்படியும் வற்புறுத்தினால் எழுத்தில் கேட்டு அவருக்கு மேலே இருப்பவரிடம் கொண்டுபோவது. இந்த வரிசையில் சொன்னால் போதும்.

கடைசியில் "உங்களுக்கு ஏதாவது கேட்க வேண்டுமா?" என்பார்கள். "ஒன்றுமில்லை சார்" என்று எழுந்துவிடாதீர்கள். மாதாந்திர க்ளோசிங் எத்தனை நாளில் முடிகிறது, பதிவு செய்பவரும் சரிபார்ப்பவரும் வேறு வேறு ஆட்களா, இந்த இடத்தில் முன்பு இருந்தவர் ஏன் போனார் என்று கேளுங்கள். க்ளோசிங் இருபது நாள் இழுக்கிறது, சரிபார்க்க யாரும் இல்லை என்று பதில் வந்தால், அந்த வேலை வேண்டுமா என்று யோசிக்க வேண்டியது நீங்கள்தான்.