ஏழில் எது பெரிது? முதலில் ஜாப் ஆறட்டும்

போன வாரம் ஒரு அப்ரென்டிஸ் தம்பி, லேத்திலிருந்து இறக்கிய ஷாஃப்டைக் காட்டன் வேஸ்டால் சுற்றிப் பிடித்துக்கொண்டு மைக்ரோமீட்டர் (மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை அளக்கும் கருவி) வைத்துக்கொண்டிருந்தான். "வேஸ்ட் எதுக்குடா?" என்றேன். "கை சுடுதுங்கண்ணா. ஆனா சைஸ் கரெக்டா இருக்குங்க" என்றான். எனக்குப் பழைய வயிற்றெரிச்சல் கிளம்பிவிட்டது.

ஜீரோ பார்ப்பது, பிசிறு தட்டிவிட்டு அளப்பது எல்லாம் ஐடிஐயிலேயே சொல்லித்தருவார்கள். அதற்குள் நான் போகவில்லை. அளப்பதில் நடக்கும் மற்ற தப்புகளைச் சொல்கிறேன்.

நீளம்தான் எல்லாம் என்று நினைப்பது

ஆள் எடுக்கும்போது நான் கேட்கும் கேள்வி: ஏழு அடிப்படை அளவுகளில் (நீளம், நிறை, நேரம், மின்னோட்டம், வெப்பநிலை, பொருளின் அளவு, ஒளிச்செறிவு) எது முக்கியம்? பெரும்பாலும் "நீளம்" என்பார்கள். விவரமான பையன் "நேரம்" என்பான். தப்பில்லை. ஒளி வெற்றிடத்தில் 1/299792458 நொடியில் போகும் தூரம்தான் மீட்டர் என்று 1983-லேயே முடிவாகிவிட்டது. 2019 மே 20 முதல் கிலோகிராமுக்குள்ளும் நொடி ஒளிந்திருக்கிறது.

பட்டறையில் என் பதில் வேறு: வெப்பநிலை. டிராயிங்கில் 80 மி.மீ. என்றால், 20 டிகிரி செல்சியஸில் 80 மி.மீ. என்று பொருள். தனியாக எழுதியிருக்க மாட்டார்கள். சர்வதேச அளவில் 1931-ல் ஒத்துக்கொண்ட கணக்கு அது.

சூட்டோடு அளப்பது

நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், நைட் ஷிஃப்ட். 80 மி.மீ. ஸ்டீல் ஷாஃப்ட், 26 பீஸ். டாலரன்ஸ், அதாவது அளவு கூடக் குறைய இருக்க விட்ட இடம், 80.000-லிருந்து 79.970 வரை: 30 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு). கூலன்ட் (கடையும்போது சூட்டைத் தணிக்கும் திரவம்) பம்ப் மக்கர் செய்தது. சரக்கு காலையில் போயாக வேண்டும் என்று டிரையாகவே ஓட்டினேன். நானும் வேஸ்டால் பிடித்துத்தான் அளந்தேன். எல்லாம் 79.985 பக்கம், அழகாக நடுவில் நின்றது. சூடு கைக்குத் தெரிந்தது, மண்டைக்கு ஏறவில்லை.

காலையில் 26 பீஸும் ரிஜெக்ட். இன்ஸ்பெக்ஷன் மைக்ரோமீட்டர்தான் தப்பு என்று சண்டைக்குப் போனேன். அங்கிருந்த பெரியவர் பதில் பேசவில்லை. அப்போதுதான் மெஷினிலிருந்து இறங்கிய ஒன்றை எடுத்து அளந்து, 79.985 என்று அதன் மேலேயே சாக்பீஸால் எழுதினார். டீ குடித்துவிட்டு வந்து மறுபடி அளந்தார்: 79.971. இன்னும் உள்ளேதான், எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. சாப்பாட்டு நேரத்தில் மூன்றாவது வரி எழுதினார்: 79.955.

கணக்கு இதுதான். ஸ்டீல் ஒரு மீட்டர் நீளத்துக்கு, ஒரு டிகிரிக்குச் சுமார் 11.5 மைக்ரான் விரியும். 80 மி.மீ.க்கு ஒரு டிகிரிக்கு 0.92 மைக்ரான். ஜாப் (கடைகிற பொருள்) 65 டிகிரி, பட்டறை 32 டிகிரி என்றால் வித்தியாசம் 33. கிட்டத்தட்ட 30 மைக்ரான். என் டாலரன்ஸ் முழுவதையும் சூடே தின்றுவிட்டது. உள்விட்டமாக இருந்திருந்தால் ஆறியதும் சுருங்கியிருக்கும், மறுபடி கொஞ்சம் கடைந்து தப்பித்திருக்கலாம். ஷாஃப்டில் போன மெட்டல் போனதுதான். அத்தனையும் ஸ்கிராப்.

இன்றுவரை எரிச்சல் எதில் என்றால், மைக்ரோமீட்டர் பொய் சொல்லவில்லை. அந்த நிமிடத்தில் அது 79.985-தான்.

ஏசி ரூம் இருந்தால்தான் முடியும் என்பது

பாதி உண்மை. ஜாப்பும் ஸ்டீல், மைக்ரோமீட்டரும் ஸ்டீல், இரண்டும் ஒரே சூட்டில் இருந்தால், 32 டிகிரியிலும் ஏறக்குறைய சரியாக வரும். இரண்டும் சேர்ந்து விரிகின்றன. ஜாப்பையும் மாஸ்டரையும் (ஒப்பிட்டுப் பார்க்கும் அளவு மாதிரி) ஒரே சர்ஃபேஸ் பிளேட்டில் (சமதளப் பலகை) பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு வேறு வேலை பாருங்கள்.

அலுமினியம் வந்தால் இந்தச் சமாதானம் செல்லாது. அது ஸ்டீலைப் போல இரண்டு மடங்கு விரியும், சுமார் 23 மைக்ரான். 100 மி.மீ. அலுமினிய ஜாப்பை 32 டிகிரியில் ஸ்டீல் மைக்ரோமீட்டரால் அளந்தால், இரண்டும் நன்றாக ஆறியிருந்தாலும் 14 மைக்ரான் கூடுதலாகக் காட்டும். கழித்துக்கொள்ளுங்கள்.

கூலன்டில் முக்கி உடனே அளப்பது

மேல்தோல் மட்டும் ஆறும்.

மைக்ரோமீட்டரைக் கையிலேயே வைத்திருப்பது

ஃபிரேமில் பிளாஸ்டிக் பேட் ஒட்டியிருப்பது அழகுக்கு இல்லை, கைச்சூடு ஏறாமல் இருக்க.

டார்க் ரெஞ்சில் யூனிட் பார்க்காதது

போல்டை அளவாக முறுக்கும் ஸ்பானர் அது. அதில் இருப்பது கி.கி. மீட்டரா, நியூட்டன் மீட்டரா? ஏறக்குறைய பத்து மடங்கு வித்தியாசம். போல்ட் முறியும்.

அந்தத் தம்பியின் ஷாஃப்டைப் பிளேட்டில் வைக்கச் சொல்லி, கையில் சாக்பீஸைக் கொடுத்தேன். "டீக்குப் போலாமாங்கண்ணா?" என்றான். போய் வந்தோம்.