வீரப்பதக்கப் பாராட்டுரையை எப்படி வாசிப்பது

ஒரு படை அதிகாரியின் வீரத்தைப் பற்றி எழுதப் போகிறீர்கள் என்றால், முதலில் பதக்கத்தோடு வந்த பாராட்டுரையைத் தேடி எடுங்கள். யாழ்ப்பாணத்தில் இருப்பவர்கள் பழகிப் பார்க்க மேஜர் ராமசாமி பரமேஸ்வரனுடையது நல்லது. இந்தியன் ஆமி அமைதிப்படை என்ற பெயரில் இங்கே நின்ற காலம், 1987 நவம்பர் 25 இரவு நடந்த சண்டைக்காக, இறந்தபின் அவருக்கு இந்தியாவின் மிக உயர்ந்த போர்க்கால வீரப்பதக்கமான பரம் வீர் சக்ரா கொடுத்தார்கள். அமைதிப்படையில் அந்த விருது அவர் ஒருவருக்குத்தான்.

சரி, ஒரு பென்சிலை எடுத்து, எது துணிச்சல், எது தலைமை என்று தனித்தனியாகக் கோடு போடுங்கள். எல்லாரும் சொல்வது, நெஞ்சில் வெடிபட்ட பிறகும் சுட்டவரின் துப்பாக்கியைப் பறித்து அவரையே சுட்டது. அது துணிச்சல். தலைமை அதற்கு முந்தைய வரியில் இருக்கிறது: தேடுதல் முடித்துத் திரும்பும் வழியில் பதுங்கித் தாக்கியவர்களை அவர் சுற்றிவந்து பின்பக்கமாக அடித்தார். பதுங்கியிருப்பவர்கள் இடத்தைத் தாங்களே தெரிந்தெடுத்து, எதிராளி எங்கே விழுந்து படுப்பான், எந்தப் பக்கம் ஓடுவான் என்றெல்லாம் பார்த்துத்தான் துப்பாக்கியை வைத்திருப்பார்கள், ஆகவே அங்கேயே கிடந்து பதிலுக்குச் சுட்டால் அவர்கள் போட்ட கணக்குக்குள்தான் நிற்க வேண்டும். அந்த இருட்டில் ஆட்களை நகர்த்த, சொன்னவுடன் எழும்பும் ஆட்கள் வேண்டும், அந்த நம்பிக்கை அன்றைக்கு இரவு வந்ததாக இருக்க முடியாது. சாகும்வரை கட்டளை கொடுத்தார் என்ற வரியையும் இந்தப் பக்கமே சேருங்கள்.

அப்புறம், எழுதாமல் விட்டதைப் பாருங்கள். சண்டை நடந்த இடத்துக்குப் பாராட்டுரையில் இலங்கை என்றுதான் இருக்கிறது. கந்தரோடை என்ற ஊர்ப்பெயர் வேறு குறிப்புகளில்தான் வருகிறது. எதிர்த்தரப்பில் இறந்த ஐந்து பேர் வெறும் எண்ணிக்கை, கைப்பற்றிய மூன்று துப்பாக்கிகளுக்கும் இரண்டு ரொக்கெட் லோஞ்சர்களுக்கும் பக்கத்தில். ஊர்ச்சனம் இல்லவே இல்லை. அதற்கு ஒரு மாதம் முன்பு, தீபாவளி நாளில் யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குள் நோயாளிகளையும் வைத்தியர்களையும் அதே படை கொன்றதை எந்தப் பாராட்டுரையிலும் காண மாட்டீர்கள். இரண்டையும் எழுதுங்கள், ஒன்றைக் காட்டி மற்றதை மறைக்க வேண்டாம்.

விட்டுப்போனதை அறிய ஊரில் பெரியவர்களைக் கேட்கும்போது தேதி கேட்டால் சரிவராது. தீபாவளிக்கு முன்னா பின்னா, மழை தொடங்கிவிட்டதா, அன்றிரவு யார் வீட்டில் படுத்தீர்கள் என்று கேளுங்கள். சொன்னவரின் பெயரைப் போடுவதற்கு முன் அவரிடம் இன்னொருமுறை கேட்டுவிடுங்கள்.