பழைய சாவிக்கொத்து டார்ச்சை இன்று வாங்கலாமா? வாங்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சாவிக்கொத்தில் கோத்துக்கொள்ளும் சுண்டுவிரல் நீள டார்ச்சுகளில், பத்து இருபது ஆண்டுகளுக்கு முன் வந்த மாடல்கள் இன்றும் விற்பனைக்குக் கிடைக்கின்றன. சில பெட்டி பிரிக்காமலேயே கடை அலமாரியில் தங்கிப்போனவை. சில ஒருவர் கைப்பட்டு மறுவிற்பனைக்கு வந்தவை. அதே விலையில் யூஎஸ்பி-சி வழியாகச் சார்ஜ் ஆகும் புதிய டார்ச் கிடைக்கும்போது பழையதை வாங்குவது அறிவுடைமையா என்று கேட்பவர்களுக்கு, அந்த டார்ச்சின் எந்தப் பாகத்துக்கு வயதாகியிருக்கிறது என்று பாருங்கள் என்பதே என் பதில். எல்இடிக்கும் உலோகக் குழாய்க்கும் எளிதில் வயதாவதில்லை. பேட்டரிக்கு ஆகிறது, பேட்டரியைத் தொடும் உலோகத் தொடுமுனைக்கும் ரப்பர் வளையத்துக்கும் ஆகிறது. வாங்குபவர்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த வேறுபாட்டைப் பாராமல் விடுவதால் வருகின்றன.

எல்லோரும் முதலில் பார்ப்பது, டார்ச் தரும் ஒளியின் அளவாகப் பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் லூமன் எண்ணைத்தான். அதை மட்டும் வைத்து முடிவு செய்வது பெரிய தவறு. ஒளி நான்கு மடங்கானால்தான் நம் கண்ணுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு வெளிச்சமாகத் தோன்றும் என்பதால், 37 லூமனுக்கும் 47 லூமனுக்கும் உள்ள வேறுபாடு எண்ணில் தெரியும் அளவுக்குக் கண்ணில் தெரியாது. அதோடு, சாவிக்கொத்து டார்ச்சைக் கொண்டு நாம் செய்யும் வேலைகளையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பூட்டின் துளையைத் தேடுவதும், மின்சாரம் நின்ற இரவில் மாடிப்படி இறங்குவதும், தூங்கும் குழந்தையை எழுப்பாமல் மருந்துப் புட்டியின் மேல் இருக்கும் சீட்டைப் படிப்பதும் கைக்கெட்டும் தூரத்து வேலைகள். இவற்றுக்கு ஐந்திலிருந்து பத்து லூமன் போதும். இருட்டுக்குப் பழகிய கண்ணின் முன் நூறு லூமனைத் திடீரென்று அடித்தால், சீட்டின் வெள்ளைத் தாள் பளீரென்று கூசுமே தவிர எழுத்து தெரியாது. ஃபீனிக்ஸ் நிறுவனத்தின் பழைய ஈ01 ஒரே ஒரு ஏஏஏ பேட்டரியில், பத்து லூமன் அளவில், பல மணி நேரம் எரியும் டார்ச். அதன் அடுத்த பதிப்பு உச்சத்தில் நூறு லூமன் தருகிறது. ஆனாலும் அதை வைத்திருப்பவர்களுக்கு அன்றாடம் பயன்படுவது அதன் மங்கலான நிலைதான் என்று நான் நினைக்கிறேன்.

லூமன் எண்ணுக்கு அருகில் இருக்கும் எரிநேரத்தையும் புரிந்து படிக்க வேண்டும். டார்ச்சுகளை அளப்பதற்கென்று அமெரிக்காவில் 2009ஆம் ஆண்டு எஃப்எல்1 என்ற தரநிலை வந்தது. அதன்படி எரிநேரம் என்பது, தொடக்க வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரையுள்ள நேரம். நூறு லூமனில் தொடங்கும் டார்ச் சில நிமிடங்களிலேயே சூடு தாங்காமல் தன் ஒளியைக் குறைத்துக்கொண்டு, மீதி நேரம் முழுவதும் பதினைந்து லூமனில் எரிந்தாலும் பெட்டியில் பெரிய எண்ணையும் நீண்ட நேரத்தையும் சேர்த்தே அச்சிட முடியும். விரல் அளவுள்ள உலோகக் குழாய்க்கு நூறு லூமனின் சூட்டை வெளியேற்றப் பரப்பு போதாது என்பதால், இந்தக் குறைவு அவ்வளவு ஒளி தரும் சிறிய டார்ச்சுகள் பெரும்பாலானவற்றில் நடப்பதே. பழைய டார்ச்சுகளில் பல, தொடக்கத்திலேயே குறைவான ஒளியைத் தந்து அதை நெடுநேரம் ஏறக்குறைய ஒரே சீராகக் காத்தவை. அச்சிட்ட எண்ணில் தோற்றாலும் கையில் அவை அவ்வளவு பின்தங்கியிருப்பதில்லை.

இதைச் சொன்னதும், பழையது எல்லாமே நல்லது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அதுவும் ஒரு தவறு. இழை பல்பு போட்ட பழைய டார்ச்சையும் எல்இடி போட்ட பழைய டார்ச்சையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. மேக்லைட் சாலிடேர் 1988இல் வந்தது. ஒற்றை ஏஏஏ பேட்டரி, தலையைத் திருகினால் ஒளியின் வட்டத்தைக் குறுக்கவும் விரிக்கவும் வசதி, பின்மூடிக்குள் ஒரு மாற்று பல்பு என்று அக்காலத்துக்கு அழகாகச் சிந்தித்துச் செய்த பொருள். ஆனால் அதன் ஒளி சுமார் 2 லூமன்தான். பேட்டரி சற்று இறங்கினாலே இழை செம்மஞ்சளாகக் கனலத் தொடங்கிவிடும். தரையில் விழுந்தால் இழை அறுந்துபோகும். அதே உருவத்தில் எல்இடியுடன் பின்னர் வந்த சாலிடேர் 37 லூமனும், அதன் அடுத்த பதிப்பு 47 லூமனும் தருகின்றன. இழை பல்பு சாலிடேரை இளமை நினைவுக்காக வாங்குகிறவரை நான் தடுக்க மாட்டேன். அன்றாடப் பயனுக்கு என்றால் வாங்க வேண்டாம். மறுவிற்பனையில் இரண்டும் ஒரே பெயரில், ஒரே தோற்றத்தில் வருவதால், தலையின் உள்ளே தெரிவது கண்ணாடிக் குமிழா, மஞ்சள் புள்ளி கொண்ட எல்இடியா என்று படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டே பணம் கட்ட வேண்டும்.

மறு எல்லையில் இருப்பவை, பேட்டரியை உள்ளேயே அடைத்து மூடிய சார்ஜ் டார்ச்சுகள். இவற்றில்தான் பழைய இருப்பு மிகுந்த ஆபத்து. லித்தியம் அயான் பேட்டரிக்குப் பெட்டிக்குள் சும்மா இருந்தாலும் வயதாகும். மின்னழுத்தம் அடிமட்டத்துக்கு இறங்கிய நிலையில் ஆண்டுக்கணக்கில் கிடந்தால் அது மீண்டும் சார்ஜ் ஏற்க மறுக்கும், அல்லது உப்பும். வெளியே ஒரு கீறல்கூட இல்லாமல் புத்தம் புதிதாகத் தோன்றும் ஐந்து ஆண்டுப் பழைய சார்ஜ் டார்ச்சின் உள்ளே, பாதி உயிர் போன பேட்டரி இருக்கலாம். அதை மாற்றுவதற்குத் திறப்பே இருக்காது. எனவே பேட்டரியை நாமே மாற்றக்கூடிய பழைய டார்ச்சை ஆராய்ந்து வாங்கலாம். மாற்ற முடியாத பழைய டார்ச்சைப் பாதி விலைக்குக் கொடுத்தாலும் விட்டுவிடலாம்.

இந்த இரண்டுக்கும் இடையில், நாணயம் போன்ற பட்டன் பேட்டரியில் எரியும் அழுத்து விளக்குகள் இருக்கின்றன. ஃபோட்டான் மைக்ரோலைட்டும், அதைப் பார்த்துச் செய்த எண்ணற்ற மலிவுப் போலிகளும் இந்த வகை. இவற்றில் நடக்கும் தவறு மிக நுட்பமானது. சிஆர்2032 என்ற பெயரில் 20 என்பது விட்டத்தையும் 32 என்பது 3.2 மில்லிமீட்டர் தடிமனையும் குறிக்கும். சிஆர்2016 அதே விட்டத்தில் 1.6 மில்லிமீட்டர் தடிமன் கொண்டது. ஆகவே இரண்டு 2016ஐ ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் ஒரு 2032இன் இடத்தில் கச்சிதமாக உட்கார்ந்துவிடும். ஆனால் ஒரு 2032 தருவது 3 வோல்ட். அடுக்கிய இரண்டும் சேர்ந்து தருவது 6 வோல்ட். வெள்ளை எல்இடி எரிய மூன்று வோல்ட்டுக்குச் சற்று மேல் தேவை என்பதால் வெள்ளை ஃபோட்டானில் இரண்டு 2016 போடுவார்கள். கடைக்காரர் ‘எல்லாம் ஒன்றுதான்’ என்று ஒரு 2032ஐக் கொடுத்துவிட்டால் விளக்கு மங்கி எரியும். டார்ச் கெட்டுவிட்டது என்று நினைத்துத் தூக்கிப் போட்டவர்கள் உண்டு. இதன் மறுபக்கம் இன்னும் மோசம்: 3 வோல்ட்டுக்காகச் செய்த சிவப்பு விளக்கில் 6 வோல்ட்டை ஏற்றினால் எல்இடி கருகிப் போகலாம். பழைய அழுத்து விளக்கைத் திறந்தவுடன், உள்ளே இருந்தது ஒன்றா இரண்டா என்று பார்த்துக் குறித்துக்கொண்ட பிறகே புதியதைப் போட வேண்டும்.

சிறு குழந்தை இருக்கும் வீட்டில், மூடி எளிதில் கழன்றுவரும் மலிவு அழுத்து விளக்கு வேண்டவே வேண்டாம். விழுங்கிய பட்டன் பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே திசுவைப் புண்ணாக்கிவிடும். விழுங்கியிருக்குமோ என்று ஐயம் வந்தாலே, அறிகுறிக்காகக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு ஓட வேண்டும். தீர்ந்துபோன பேட்டரிக்கும் இது பொருந்தும். விளக்கை எரிக்கப் போதாத மின்னழுத்தம்கூட புண்ணாக்கப் போதும்.

என்னைக் கேட்டால், பழைய டார்ச்சுகளில் வாங்கத் தக்கவை ஏஏஏ பேட்டரியில் எரியும் எல்இடி டார்ச்சுகளே. டிவி ரிமோட்டுக்குப் போடும் அந்தச் சின்ன அளவுப் பேட்டரி பெட்டிக்கடையிலும் கிடைக்கும். டார்ச் எந்த ஆண்டுக்குரியதாக இருந்தாலும் அதன் உயிர் இன்று வாங்கிய பேட்டரியில் இருக்கிறது. அந்தப் பேட்டரியால் வரும் கேடும் எனக்குத் தெரியும். என் சாவிக்கொத்தில் நெடுநாள் இருந்த அலுமினிய டார்ச் ஒன்றை, வேறு சாவிக்கொத்துக்கு மாறியபோது மேசை இழுப்பறையில் போட்டு மறந்துவிட்டேன். இரண்டு ஆண்டு கழித்து எடுத்துத் திருகினால் மூடி அசையவில்லை. கையில் துணியைச் சுற்றிக்கொண்டு, இடுக்கியால் பிடித்து, ஒரு வழியாகத் திறந்தபோது மரையின் இடுக்கில் உப்புப் பூத்தாற்போல் வெள்ளைப் பொடி. சுருளின் அடியில் பச்சையும் நீலமும் கலந்த களிம்பு. பேட்டரி உள்ளே வீங்கிக் குழாயோடு ஒட்டிக்கொண்டு, தட்டியும் குத்தியும் வெளியே வரவேயில்லை. பேட்டரியின் மேல் நான் குற்றம் சொல்ல மாட்டேன். தீரும் நிலையில் இருந்த அதை உள்ளேயே விட்டது நான்.

ஆல்கலைன் பேட்டரி தீர்ந்த பிறகு உள்ளே வாயு சேர்ந்து, அழுத்தம் மிகுந்து, முத்திரை விடுபட்டுக் கசியும். கசிவது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்ற காரம். அது காற்றுப் பட்டு வெள்ளைப் பொடியாக உறைகிறது. அலுமினியத்தை அரிக்கும் தன்மை அதற்கு உண்டு என்பதால் அலுமினியக் குழாய் டார்ச்சுக்கு இது கொடிய பகை. கசிவு சிறியதாக இருந்தால் பஞ்சுக் குச்சியில் வினிகரையோ எலுமிச்சைச் சாற்றையோ தொட்டுத் துடைத்து, பிறகு தண்ணீர் தொட்ட பஞ்சால் துடைத்து, நன்றாக உலர்த்தினால் டார்ச் பிழைக்கும். வெறும் கையால் அதைச் சுரண்டக் கூடாது. கசிவே வராமல் பார்த்துக்கொள்ள, என்றோ ஒருநாள் எரியும் டார்ச்சில் 1.5 வோல்ட் லித்தியம் ஏஏஏ பேட்டரியைப் போடலாம். விலை கூடுதல், ஆனால் ஆண்டுக்கணக்கில் கசியாமல் கிடக்கும். தினமும் பயன்படுத்துகிறவர்களுக்குச் சார்ஜ் ஏற்றக்கூடிய நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு ஏஏஏ நல்லது. கடிகாரத்துக்கும் ரிமோட்டுக்கும் வாங்கும் மலிவான துத்தநாக-கார்பன் பேட்டரியை மட்டும் இதில் போடாதீர்கள். டார்ச் இழுக்கும் மின்னோட்டத்துக்கு அது ஈடுகொடுக்காமல் விரைவில் தீரும், தீர்ந்தபின் கசியும்.

இன்னொரு விபரீதமும் உண்டு. ஏஏஏ அளவிலேயே 10440 என்ற லித்தியம் அயான் பேட்டரி விற்கிறது. முழுச் சார்ஜில் அது 4.2 வோல்ட் தரும். அதைப் போட்டால் பழைய டார்ச் புதியதுபோல் ஜொலிக்கும் என்று கேள்விப்பட்டுச் சிலர் போடுகிறார்கள். ஜொலிப்பது உண்மை. ஆனால் 1.5 வோல்ட்டை உயர்த்தி எல்இடிக்குக் கொடுப்பதற்காகச் செய்த சுற்று, அதைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு அழுத்தத்தைத் தாங்கும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. தயாரிப்பாளர் 10440 போடலாம் என்று எழுதியிருந்தால் மட்டுமே போட வேண்டும்.

‘கையில் போன் இருக்கும்போது டார்ச் எதற்கு’ என்ற கேள்வியையும் தவறுகளின் கணக்கில்தான் சேர்ப்பேன். மின்சாரம் நின்ற இரவில் போனின் பேட்டரி பேசுவதற்குத் தேவை. மழையில் போனை நீட்டிக்கொண்டு பூட்டைத் திறக்க யாருக்கும் மனம் வராது. இரண்டு கையும் வேண்டிய இடத்தில் போனைப் பல்லில் கவ்வ முடியாது, விரல் நீள டார்ச்சைக் கவ்வலாம்.

பழைய டார்ச்சை நேரில் வாங்கும்போது பேட்டரியைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். விற்பவர் தயங்கினாலோ, மூடி திருக மறுத்தாலோ வாங்க வேண்டாம். குழாயின் உள்ளே வெளிச்சம் அடித்துப் பார்த்தால் வெள்ளைப் பொடியோ பச்சைக் களிம்போ இருப்பது தெரிந்துவிடும். மரையில் இருக்கும் ரப்பர் வளையம் வெடித்திருந்தால் பரவாயில்லை, அது சில ரூபாய்ப் பொருள். புது வளையத்தில் துளி சிலிக்கான் கிரீஸ் தடவிப் போட்டால் தீர்ந்தது. புது பேட்டரி போட்டு எரியவிட்டு, உள்ளங்கையில் மெல்லத் தட்டிப் பாருங்கள். ஒளி துடித்தால் தொடுமுனையில் கோளாறு. திருகி எரிக்கும் வகையானால், அணைத்தபின் மேலும் அரைச்சுற்றுத் தளர்த்தி, பாக்கெட்டில் அழுந்துவதுபோல் தலையை அமுக்கிப் பார்க்க வேண்டும்; அப்போதும் மினுக்கினால் அது உங்கள் பையில் தானாக எரிந்து தீரும். கடைசியாக வளையம் மாட்டும் துளையைப் பாருங்கள். எஃகு வளையம் பல ஆண்டு உரசி உரசி அலுமினியத்தை நூல்போலத் தேய்த்திருக்கும். அந்த விளிம்பு தேய்ந்து ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகவே மீந்திருந்தால், மற்ற எல்லாம் சரியாக இருந்தாலும் என்றைக்காவது ஒருநாள் சாவி கையில் இருக்கும், டார்ச் பேருந்திலோ வயல்வரப்பிலோ விழுந்திருக்கும்.