குண்டு பட்ட விலங்கின் அசைவைப் படிப்பது எப்படி

ஜெர்மனியில் வேட்டை உரிமம் பெற விரும்புவோருக்குக் குறி தவறாமல் சுடத் தெரிந்தால் மட்டும் போதாது. எழுத்திலும் வாய்மொழியிலும் தேர்வுகள் உண்டு; குண்டு பட்ட விலங்கு காட்டும் அறிகுறிகளும் அந்தப் பாடத்தில் அடங்கும். காயமுற்ற விலங்கை வீணாக வதைபட விடக் கூடாது என்று அந்நாட்டின் கூட்டாட்சி வேட்டைச் சட்டம் கட்டளையிடுகிறது. ஆகவே செம்மானையோ, ரோ மான் எனும் சிறிய மானையோ, காட்டுப்பன்றியையோ சுடுபவர், விசையை அழுத்தியதுடன் தம் வேலை முடிந்துவிட்டதாகக் கருதக் கூடாது.

சுட்ட பிறகும் குறிபார்க்கும் தொலைநோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமல் இருக்கப் பழக வேண்டும். அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொண்டே, விலங்கு நின்ற இடம், அது துள்ளிய விதம், ஓடிய திசை, கடைசியாக எந்த மரத்தருகே கண்ணுக்குத் தெரிந்தது என்பனவற்றை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். அந்தி நேரத்தில் துப்பாக்கி முனையின் தீ கண்ணைக் கூசச் செய்துவிடும் என்பதால், கிளைகள் முறியும் ஓசையையும் விலங்கு விழும் ஓசையையும் காதால் தொடர்வது பெரிதும் உதவும்.

இதயத்திலோ மார்பின் கீழ்ப்பகுதியிலோ குண்டு பட்ட மான் பெரும்பாலும் உயரத் துள்ளி, பிறகு தலையைத் தாழ்த்தி, வழியில் இருப்பதைப் பாராமல் தலைதெறிக்க ஓடும். நுரையீரலில் பட்டதும் ஓடவே செய்யும். மூளையில் எஞ்சியுள்ள உயிர்க்காற்று தீரும்வரை கால்கள் இயங்கும் என்பதால், சாகும் காயம் பட்ட மான் பல பத்து மீட்டர் ஓடி விழுவது இயல்பே. ஓடியதைப் பார்த்துக் குறி தப்பிவிட்டது என்று முடிவு செய்யக் கூடாது. குடலில் பட்ட விலங்கு முதுகைக் கூனிக்கொண்டு, சில வேளை பின்னங்கால்களை உதைத்து, தயங்கித் தயங்கி நகரும். காலில் பட்டால் அந்தப் பக்கம் சரிந்து, பிறகு அடிபட்ட கால் தொங்க ஓடும்.

இவை எல்லாவற்றையும்விட ஏமாற்றுவது, இடி விழுந்தாற்போல் அங்கேயே சாய்ந்துவிடும் விலங்கு. முதுகெலும்பின் மேல்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் முள்ளைக் குண்டு உரசிச் சென்றால், அந்த அதிர்ச்சியில் விலங்கு உடனே விழும். கால்கள் காற்றில் உதைக்கும். சிறிது நேரத்தில் எழுந்து ஓடிவிடும். அப்படித் தப்பிய விலங்கைத் தேடிப் பிடிப்பது மிகக் கடினம். எனவே விழுந்த விலங்கின் மீது குறியை வைத்தபடியே காத்திருந்து, அது எழ முயன்றால் தயங்காமல் மறுபடி சுட வேண்டும். விழுந்ததும் மகிழ்ந்து துப்பாக்கியைக் கீழே வைப்பதுதான், என் கருத்தில், வேட்டையில் மன்னிக்கவே முடியாத கவனக்குறைவு.

விலங்கு கண்ணுக்கு மறைந்துவிட்டால், பத்துப் பதினைந்து நிமிடங்களாவது பொறுத்து, அது நின்ற இடத்துக்குச் சென்று பளிச்சென்ற துணி கட்டி அடையாளம் வைக்க வேண்டும். அங்குள்ள தடயங்களை மிதித்துக் கலைக்கக் கூடாது. நுரையும் வெளிர்சிவப்பும் கலந்த ரத்தம் நுரையீரலைக் காட்டும். கருஞ்சிவப்பாக, மணல்போல நெருடும் துணுக்குகளுடன் இருந்தால் ஈரல். பச்சைத் தழைக்கூழும் புளித்த நாற்றமும் இரைப்பைக்குரியவை. குழல்போல உள்ளீடற்ற எலும்புச் சில்லுகள் கால் முறிந்ததற்குச் சான்று.

குடல் காயம் என்று தெரிந்தால் அவசரம் ஆகவே ஆகாது. துரத்தாமல் விட்டால் அந்த விலங்கு பெரும்பாலும் அருகிலேயே ஏதேனும் ஒரு புதரில் படுத்துக்கொள்ளும். நெருங்கிக் கிளப்பிவிட்டாலோ வலியோடு வெகுதொலைவு போய்விடும். மூன்று நான்கு மணி நேரம் விட்டு, இருட்டிவிட்டால் மறுநாள் விடியலில், பயிற்சி பெற்ற மோப்ப நாயை அழைப்பதே முறை. ஹனோவர் மோப்ப நாயும் பவேரிய மலை மோப்ப நாயும் இதற்கென்றே வளர்க்கப்பட்ட இனங்கள். நீண்ட தோல்வாரில் கட்டி, மூக்கு போகும் வழியே அவற்றைத் தொடர்வர்.

காட்டுப்பன்றியிடம் இந்த அறிகுறிகளை எதிர்பார்க்க வேண்டாம். நல்ல குண்டு பட்டும் ஒன்றுமே நடவாததுபோல் அது ஓடக்கூடும். தடித்த கொழுப்பு காயத்தின் வாயை அடைத்துக்கொள்ள, மயிர்க்கற்றை ரத்தத்தை உறிஞ்சிக்கொள்வதால், நெடுந்தூரத்துக்கு ஒரு துளிகூட நிலத்தில் விழாமல் போகலாம். காயமுற்ற பன்றி பாய்ந்து தாக்கும் என்பதால், அடர்ந்த புதருக்குள் தனியாக நுழையவும் கூடாது.

துளி ரத்தமும் இல்லாத இடத்தில்கூடக் குண்டு அறுத்த மயிர் கிடக்கலாம். குனிந்து தேட வேண்டும். மயிரும் கிடைக்காவிட்டால், சுட்ட திசையில் குண்டு மண்ணைக் கிளறிய தடம் உள்ளதா என்று பார்த்த பிறகும், நாயை ஒருமுறை விலங்கு ஓடிய தடத்தில் விட்டுச் சோதித்துவிட வேண்டும்.