காலிக் கோட்டை காலியாக இல்லை: போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய பிழைகள்

இலங்கையின் தென்கரையில் உள்ள நகரம் காலி. சென்னையிலிருந்து வரும் நண்பர்களிடம் "நாளைக்குக் காலிக் கோட்டை" என்றால், "அங்கே ஒன்றுமே இல்லையா?" என்று சிரிப்பார்கள். பழைய பகிடி. ஆனால் போகிறவர்களில் பாதிப் பேர் அதை நம்பியவர்கள் மாதிரிதான் நடந்துகொள்கிறார்கள். செஞ்சிக் கோட்டைபோல ஆளில்லாத கல்மதில் என்று எண்ணி வந்து, வாசலில் டிக்கெட் கவுண்டர் தேடுவார்கள். காலியில் மதிலுக்குள் இருப்பது ஓர் ஊர். பள்ளிக்கூடம், பள்ளிவாசல், தேவாலயம், வீட்டு முற்றத்தில் காயும் துணி எல்லாம் உண்டு. கோட்டைக்குள் போக ஒரு சதமும் கட்ட வேண்டாம்.

பெரிய பிழை நேரத்தில்தான் நடக்கிறது. காலை பத்து மணிக்குக் கொழும்பில் வான் (வேன்) ஏறி, அதிவேக நெடுஞ்சாலையால் வந்து, உச்சி வெயிலில் மதிலில் ஏறுவார்கள். மதிலில் நிழல் அருமை. அரை மணி நேரத்தில் தலை சுற்றும், மிச்சப் பொழுது ஐஸ்கிறீம் கடையில் போகும், மூன்று மணிக்கு வான் திரும்பிவிடும். கோட்டைக்காரர்கள் காற்று வாங்க வெளியே வருவதோ நாலரைக்குப் பிறகுதான். மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் ஏறி மேற்கு மதிலால் கொடிப்பாறை என்ற கொத்தளம் வரை நடக்க உகந்த வேளை அது. ஆண்டு முழுவதும் ஆறு மணியை ஒட்டியே பொழுது சாய்கிற நாடு என்பதால் கணக்கும் இலேசு. முடிந்தால் ஓர் இரவு தங்குங்கள். முடியாவிட்டால் பிந்தி வந்து பிந்திப் போங்கள்.

போகும்போது ரயிலில் போவது நல்லது. கொழும்புக் கோட்டை நிலையத்தில் ஏறி (அந்தக் கோட்டையின் மதிலை ஆங்கிலேயர் எப்போதோ இடித்துவிட்டார்கள், பெயர் மட்டும் மிச்சம்) வலப்பக்கச் சன்னலைப் பிடித்தால் கடல் கூடவே வரும். ஹிக்கடுவைக்குச் சற்று முன்னால் பெரலிய வரும். 2004 சுனாமியில் ஒரு ரயிலே அடிபட்டு ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்த இடம். அங்கே இறங்கி நினைவுச் சின்னத்தின் முன்னால் சிரித்துக்கொண்டு செல்ஃபி எடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். வேண்டாம். அதே நாளில் காலி நகரமும் மதிலுக்கு வெளியே உள்ள கிரிக்கெட் மைதானமும் மூழ்கின, கோட்டைக்குள் இருந்த ஊரைப் பெரும்பாலும் மதில் காத்தது.

எல்லோரும் 1873இல் ஆங்கிலேயர் திறந்த பெரிய வாசலால் நுழைகிறார்கள். துறைமுகப் பக்கத்துப் பழைய வாசலைத் தேடிப் போங்கள். வெளிமுகத்தில் பிரிட்டிஷ் அரச சின்னம் இருக்கும். அதைப் படமெடுத்துவிட்டு நேரே நடந்துவிடுவதுதான் பிழை. உள்ளே போய்த் திரும்பிப் பார்த்தால் ஒல்லாந்த (டச்சு) கிழக்கிந்தியக் கம்பனியின் சின்னம், இரண்டு சிங்கங்கள், மேலே ஒரு சேவல், 1669 என்ற ஆண்டு. போர்த்துக்கேய மொழியில் சேவலுக்கு 'காலோ' என்று பெயர், ஊர்ப்பெயரே அதிலிருந்து வந்தது என்று கதை சொல்வார்கள். கதையாகவே வைத்துக்கொள்ளுங்கள். 1588இல் கோட்டை கட்டத் தொடங்கியவர்கள் போர்த்துக்கேயர். 1640இல் பிடித்த ஒல்லாந்தர் அதைப் பெருப்பித்தார்கள், 1796இல் ஆங்கிலேயர் எடுத்துக்கொண்டார்கள். இன்று நீங்கள் நடக்கும் மதிலில் பெரும்பகுதி ஒல்லாந்தருடையது.

வெளிச்சவீட்டுக்கு முன்னால் வெள்ளையாக நிற்கும் கட்டடத்தைத் தேவாலயம் என்று நினைத்துச் செருப்போடு ஏறப் பார்ப்பது அடுத்தது. அது மீரான் பள்ளிவாசல். முகப்பு அப்படி, யாரையும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் அரைக் காற்சட்டையோடு உள்ளே எட்டிப் பார்க்காதீர்கள், வெள்ளி மதியம் அந்தப் பக்கம் கூட்டமாகவும் இருக்கும். சுற்றியுள்ள தெருக்களில் தலைமுறை தலைமுறையாக முஸ்லிம் குடும்பங்கள் வாழ்கின்றன. அவர்கள் வீட்டு மொழி தமிழ். நம்மவர்கள் இது தெரியாமல் ஒரு நாள் முழுக்க ஆங்கிலத்தில் விலை கேட்டுக்கொண்டு திரிகிறார்கள். லெய்ன் பான் தெருவில் நாங்கள் வழி தெரியாமல் எங்களுக்குள் வாக்குவாதப்பட்டதைத் திண்ணையிலிருந்த ஒரு பெரியவர் கேட்டுவிட்டு, "எங்கீந்து வாறீங்க மகன்?" என்றார். வழியும் கிடைத்தது, தேத்தண்ணியும் கிடைத்தது.

ஓட்டோக்காரர் "சும்மா பாருங்க" என்று கூட்டிப்போகும் மாணிக்கக்கல் கடையில் சும்மா பார்க்க முடியாது. கொமிஷன் உங்கள் விலையில்தான் ஏறும். கோட்டைக்குள் ஓட்டோவே தேவையில்லை, எல்லாம் நடை தூரம்.

சுற்றுவட்டாரத்தைப் பொறுத்தவரை, ஒரே நாளில் உனவட்டுன, கொக்கலை, மிரிஸ்ஸ என்று கடற்கரை ஊர்களை அள்ளிப்போடாதீர்கள். அதைவிடப் பெரிய பிழை மாதம் பாராமல் வருவது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று. கடல் கொந்தளிக்கும். மிரிஸ்ஸவில் திமிங்கிலம் பார்க்க நல்ல காலம் நவம்பர் முதல் ஏப்ரல் வரை. ஜூலையில் வந்து படகுக்காரரோடு சண்டை பிடித்துப் பயனில்லை. கொக்கலையில் கடலுக்குள் கம்பு நட்டு அதன்மேல் குந்தியிருந்து தூண்டில் போடுவோரில் பலர் இப்போது படத்துக்காகவே இருக்கிறார்கள். காசு கேட்பார்கள். ஏமாற்று என்று கோபப்படுவதைவிட, தொகையை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். ஒன்றைப் பார்க்கத்தான் நேரம் என்றால் நான் கொக்கலையில் சிங்கள எழுத்தாளர் மார்ட்டின் விக்கிரமசிங்க பெயரிலுள்ள நாட்டார் கலை அருங்காட்சியகத்துக்குப் போவேன். உனவட்டுனப் பக்கத்து ருமஸ்ஸல மேடு அனுமன் சஞ்சீவி மலையைத் தூக்கிப் போனபோது விழுந்த துண்டு என்பார்கள். அங்கிருந்து பார்த்தால் குடாவுக்கு அப்பால் கோட்டை முழுசாகத் தெரியும்.

டெஸ்ட் நாள்களில் விடுதி அறை கிடைப்பது கடினம். ஆனால் மைதானத்தை மதிலில் நின்றே பார்க்கலாம். 2010 ஜூலை 22 அன்று முரளி 800ஆவது விக்கெட்டை எடுத்தது இங்கேதான்.

கடைசியாக, தமிழர்கள் மட்டுமே செய்கிற ஒரு பிழை. காலி மும்மொழிக் கல்வெட்டைப் பற்றிப் படித்துவிட்டு அதைக் காலியில் தேடுவது. 1911இல் ஒரு மதகை மூடியிருந்த கல்லாகக் கண்டெடுக்கப்பட்டது அது. இப்போது இருப்பது கொழும்புத் தேசிய அருங்காட்சியகத்தில். சீனக் கடற்படைத் தளபதி செங் ஹே கொண்டுவந்தது, அதில் உள்ள ஆண்டு 1409. சீனத்தில் புத்தருக்கும், பாரசீகத்தில் அல்லாவுக்கும், தமிழில் தெனவரை நாயனார் என்ற தெய்வத்துக்கும் காணிக்கை சொல்கிறது. ஆகவே கொழும்பில் ஒரு மணி நேரம் ஒதுக்கி அதைப் பார்த்துவிட்டுத் தெற்கே இறங்குங்கள். தெனவரை என்பது காலியைத் தாண்டி, மாத்தறைக்கும் அப்பால் உள்ள தெவிநுவர, நம் தேவேந்திரமுனை. நாயனாரின் கோயிலைப் போர்த்துக்கேயர் இடித்தது 1588இல், காலியில் கோட்டை எழத் தொடங்கிய அதே ஆண்டில். இன்று முனையில் 1890இல் கட்டிய வெளிச்சவீடு நிற்கிறது. மாத்தறையிலிருந்து பஸ் ஓடுகிறது, அரை நாள் போதும்.