செத்துப்போனவங்கள மீட்டு வர்ற ஸ்டீம்பங்க் கதை எழுதணுமா? பாய்லர்ல இருந்து ஆரம்பிங்க

டீனேஜ் பசங்களுக்கு ஸ்டீம்பங்க் கதை, அதாவது எல்லாமே நீராவி மெஷின்ல ஓடுற கற்பனை உலகத்துக் கதை, எழுத உக்காருறவங்க முதல்ல பித்தளை மூக்குக்கண்ணாடி, பல்சக்கரம், ஆகாயக் கப்பல்னு எல்லாத்தையும் அடுக்கிடுறாங்க, அப்புறம் ஒரு அக்கா, செத்துப்போன தம்பி, ஒரு மெஷின், லீவரை இழுத்தா தம்பி எந்திரிச்சு உக்காருறான். படிக்கிறவங்களுக்கு மனசுல ஒண்ணுமே தைக்காது. ஏன்னா அந்த மெஷின் கரண்ட்ல ஓடினாலும் மந்திரத்துல ஓடினாலும் கதை அப்படியேதான் இருக்கும். நீராவி எப்படி வேலை செய்யுதோ அதுல இருந்தே உங்க கதை பிறக்கணும், என்னோட முதல் அட்வைஸ் இதுதான், மத்ததெல்லாம் இதுக்கு அப்புறம்.

நீராவி அவசரத்துக்கு வராது. ஆறிக் கெடக்குற ஒரு ரயில் இன்ஜினை கிளப்பணும்னா தீ மூட்டி பல மணி நேரம் காத்திருந்தாத்தான் பிரஷர் ஏறும், பொறுமையில்லாம ஒரேயடியா சூடு ஏத்தினா இரும்பு ஒரு பக்கம் விரிஞ்சு இன்னொரு பக்கம் விரியாம பாய்லர் ஒழுக ஆரம்பிச்சிடும். இதை அப்படியே உங்க கதைக்குள்ள வச்சுப் பாருங்க. தம்பிக்கு மூச்சு நின்னுடுச்சு, அக்கா அவனை தூக்கிட்டு பட்டறைக்கு ஓடுறா, பாய்லர் ஜில்லுன்னு இருக்கு. நாலு மணி நேரம் ஆகும். அந்த நாலு மணி நேரம் அவ என்னதான் பண்ணுவா? கரி அள்ளிப் போடுவா, தண்ணி மட்டம் பாப்பா, நடுநடுவுல வந்து அவன் பக்கத்துல உக்காந்து கையைப் பிடிச்சுப்பா, பாய்லர் சூடாகிட்டே வருது, அவன் கை ஆறிட்டே வருது. இந்த சீனை மட்டும் பத்து பக்கம் எழுதலாம், எழுதணும். சண்டை, துரத்தல் எல்லாம் ரெண்டு பக்கத்துல முடிச்சிடுங்க, தப்பில்ல.

அடுத்தது ஆபத்து. வில்லனை வெளியில தேடாதீங்க, அது பாய்லருக்குள்ளயே இருக்கு. 1803ல ரிச்சர்ட் ட்ரெவிதிக்ங்கற இங்கிலாந்து இன்ஜினியரோட ஒரு நீராவி இன்ஜின் லண்டன் பக்கத்துல கிரீனிச்ல வெடிச்சு நாலு பேர் செத்தாங்க, அதைப் பாத்துக்கச் சொல்லி விட்டிருந்த பையன் விலாங்கு மீன் பிடிக்கப் போயிட்டான்னு அந்த சம்பவத்தைப் பத்தி சொல்றாங்க. அதுக்கு அப்புறம் ட்ரெவிதிக் கொண்டு வந்ததுதான் பியூசிபிள் பிளக். அடுப்புக்கு நேர் மேல இருக்குற தகட்டுல ஒரு ஓட்டை, அதை ஈயத்தால அடைச்சிருப்பாங்க. மேல தண்ணி நிக்கிற வரைக்கும் ஈயம் உருகாது. தண்ணி மட்டம் இறங்கி தகடு வெளிய தெரிஞ்சா ஈயம் உருகி விழும், அந்த ஓட்டை வழியா நீராவி சீறிட்டு அடுப்புல இறங்கி தீயை அமுக்கும், பாய்லர் வெடிக்காம தப்பிக்கும்.

இப்போ அக்கா கிட்ட திரும்பி வாங்க. தம்பி பக்கத்துலயே உக்காந்துட்டதால தண்ணி பாக்க மறந்துட்டா. பாய்லர்ல தண்ணி மட்டத்தைக் காட்டுற கண்ணாடிக் குழாய்ல தண்ணி அடியில ஒரு விரக்கடை கூட இல்ல. பிளக் உருகினா பட்டறை பொழைக்கும், தம்பி போயிடுவான். பட்டறையில அவ்ளோ சுலபமா உருகாத இரும்பு போல்ட்டும் உண்டு. தீ மூட்டுறதுக்கு முன்னாடியே அந்த ஈயத்தை எடுத்துட்டு போல்ட்டை முறுக்கி வச்சிருந்தாளா இல்லையா? அவ எப்படிப்பட்ட பொண்ணுங்கறது இந்த ஒரு கேள்வியில தெரிஞ்சிடும். ஆனா பிளக்னா என்னன்னு இதுக்கு ரொம்ப முன்னாடியே, ஏதோ சாதாரண வேலை நாள்ல, அவ அதைத் தொடச்சு மாட்டுற மாதிரி ஒரு சின்ன சீன்ல காட்டி வச்சிடுங்க, கடைசி நேரத்துல விளக்கம் குடுத்துட்டு நின்னா பதட்டம் போயிடும்.

மெஷினுக்கு இவ்ளோ கறாரா விதி இருக்குறப்போ சாவுக்கும் அதே அளவுக்கு விதி வேணும். பழைய கதைகள்ல இதை நல்லா பண்ணியிருக்காங்க. சாவித்திரி எமன் கிட்ட வரமா கேட்டுக்கிட்டே வந்து கடைசியில சத்தியவான் மூலமா எனக்கு நூறு பிள்ளைங்க வேணும்னு வாங்கிட்டா, எமன் குடுத்த வாக்குலயே எமன் மாட்டிக்கிட்டான். கிரேக்கக் கதையில ஆர்ஃபியஸ் மனைவியை கூட்டிட்டு வரலாம், ஆனா மேல வந்து சேர்ற வரைக்கும் திரும்பிப் பாக்கக் கூடாது, பாத்துட்டான். புருஷனுக்குப் பதிலா உயிரை விட்ட அல்செஸ்டிஸ் கதையில ஹெராக்ளிஸ்ங்கற வீரன் சாவு கூட நேரா மல்லுக்கட்டி அவளை மீட்டுட்டு வர்றான். ஒண்ணு வாய்ச் சாமர்த்தியம், ஒண்ணு நிபந்தனை, ஒண்ணு உடம்பு பலம். உங்க கதையில எதுன்னு முடிவு பண்ணி முதல் நாலு அத்தியாயத்துக்குள்ள சொல்லிடுங்க, பாதியில மாத்தாதீங்க. ஞாபகத்தை விலையா குடுக்குற ஐடியா மட்டும் வேண்டாமே, ரொம்ப பேர் பண்ணிட்டாங்க. கரியும் தண்ணியும் நேரமும்தான் நீராவி கேக்குற விலை, அதுலயே தேடுங்க.

இந்த மாதிரி கதைக்கு நீராவி இன்ஜின் வந்த அந்தக் காலம் ஏன் இவ்ளோ பொருந்துதுன்னா, சாவுக்கும் உயிருக்கும் நடுவுல கோடு எங்க இருக்குன்னு அப்போ டாக்டருங்களுக்கே தெளிவா தெரியாது. 1774ல லண்டன்ல ஒரு சங்கமே ஆரம்பிச்சாங்க, தண்ணியில மூழ்கினவங்கள மறுபடி மூச்சு விட வைக்கிறதுக்கு, துருத்தி வச்சு நுரையீரலுக்கு காத்து அடிச்சும் பாத்தாங்க. கொல்லன் பட்டறையில இருக்குற அதே மாதிரி துருத்தி! 1803ல ஜொவான்னி ஆல்டினிங்கற இத்தாலி விஞ்ஞானி தூக்குல போட்ட ஒருத்தன் உடம்புல மின்சாரம் பாய்ச்சினப்போ தாடை துடிச்சுது, ஒரு கண்ணு திறந்துது, பாத்தவங்க உயிர் வருதுன்னே நெனச்சாங்க. உங்க ஹீரோயின் பைத்தியக்காரத்தனமா ஒண்ணும் பண்ணல, அந்தக் காலத்துப் பெரியவங்க பண்ணிட்டு இருந்ததைத்தான் அவளும் பண்றா, இதை மனசுல வச்சுக்கிட்டு எழுதினா அவ மேல ஒரு மரியாதை வரும்.

தம்பியைப் பத்தி ஒண்ணு சொல்லணும், இது நான் பட்டு தெரிஞ்சுக்கிட்டது. நான் முதல்ல எழுதின கதையைப் படிச்ச தோழி, "அவனுக்கு என்ன பிடிக்கும், எதுக்கு பயப்படுவான்?"னு கேட்டா, என் கிட்ட பதிலே இல்ல, முப்பது பக்கம் முழுக்க அவன் சும்மா படுத்துத்தான் இருந்தான். அப்புறம் மாத்தி எழுதினேன். நட்டு, ஆணி எதைப் பாத்தாலும் பாக்கெட்ல போட்டுக்குவான், ராத்திரி தூங்குறப்போ அதெல்லாம் படுக்கையில கொட்டிக் கெடக்கும், அக்கா திட்டிக்கிட்டே பொறுக்குவா. இப்போ அந்த நாலு மணி நேரத்துல மெஷினுக்கு ஒரு நட்டு குறையுது, அவ அவன் பாக்கெட்டுக்குள்ள கை விடுறா. எழுதுறப்போ எனக்கே கை நின்னுடுச்சு. அவனுக்குன்னு ஒரு விருப்பமும் இருக்கட்டும், திரும்பி வர அவனுக்கு இஷ்டமான்னு யாராவது ஒரு தடவை கேக்கணும் இல்லையா.

பெரியவங்கள முட்டாளா காட்டாதீங்க. அப்பா "விட்டுடும்மா"ன்னு சொல்றது அவருக்கும் வலிக்கிறதாலதான். இதுக்கு முன்னாடி அவரே யாரையாவது மீட்கப் பாத்து தோத்திருக்கலாம், அந்த மெஷின் ஏன் இத்தனை வருஷமா தூசி படிஞ்சு ஓரமா கெடக்குதுங்கறதுக்கும் காரணம் கெடச்சிடும்.

முடிவு எப்படி வேணா இருக்கலாம், வரலாம், வராமலும் போகலாம். வந்தான்னா மெஷின் நின்ன அப்புறமும் அவன் மூச்சு விடுறானான்னு தெளிவா எழுதுங்க, அதை மங்கலா விட்டீங்கன்னா ஏமாத்தின மாதிரி ஆயிடும். முதல் அத்தியாயத்துல இருந்து வரிசையா எழுதணும்னு கட்டாயம் இல்ல. அந்தக் காத்திருப்பு சீனை இன்னைக்கு ராத்திரியே எழுதிப் பாருங்க, தீக்குச்சி உரசுறதுல ஆரம்பிச்சு பிரஷர் முள்ளு முதல் தடவை அசையுற வரைக்கும்.